நெருப்பு மூட்டினால் குளிரும் பெட்டி!

குளிர் குறைந்தால் என்ன செய்வது?

அடுப்பை மூட்டினால் சூடு வரும். ஆனால், அடியில் நெருப்பு எரிந்தால் உள்ளே குளிரும் பெட்டியும் உண்டு!

1922-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர்கள் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பு மருந்துகளைக் காப்பாற்றியது இந்தப் பெட்டிதான். மண்எண்ணெயிலும் ஓடும், கியாசிலும் ஓடும்.

எப்படிக் குளிர்கிறது?

பின்புறக் குழாயில் அமோனியா கலந்த தண்ணீர் இருக்கிறது. சூடு பட்டதும் அமோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். பெட்டிக்குள் வந்து மறுபடி ஆவியாகும்போது, உள்ளே உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து திரும்பும். மோட்டார் கிடையாது.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், பெட்டி சமமாக நிற்கிறதா? சாய்ந்தால் குழாயில் திரவம் ஓடாது.

அடுத்து, சுடர். கியாஸ் சுடர் நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்தால் துவாரத்தில் அடைப்பு இருக்கலாம். ஊசியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். கியாசை மூடி, ஆறவிட்டுச் சுத்தம் செய்யவேண்டும். புகைபோக்கியில் உள்ள கரியையும் தட்டவேண்டும்.

மூன்றாவது, காற்று. வேலூரில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேறாது.

மின்சாரத்திலும் ஓடும் பெட்டியானால், ஒருநாள் அதில் ஓட்டிப் பாருங்கள். நன்றாகக் குளிர்ந்தால், கோளாறு நெருப்புப் பக்கம்தான்.

எச்சரிக்கை!

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்களுக்கு அமோனியா நெடி புதிதல்ல. தோலில் சுண்ணாம்பை நீக்கும்போது அது கிளம்பும். அந்த நெடி பெட்டியிலிருந்து வந்தால் குழாயில் ஓட்டை! உடனே சுடரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

மூடிய அறையில் பெட்டியை எரியவிடாதீர்கள். விஷ வாயு உண்டாகி உயிரைக் குடிக்கும்.

தடுப்பு மருந்தும், பிரிக்காத இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். இன்சுலினும் பல தடுப்பு மருந்துகளும் உறைந்தாலும் கெடும். கெட்ட மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்து போலவே இருக்கலாம். அதனால், உள்ளே தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் மாலையும் பாருங்கள். குழந்தைக்குப் போடும் மருந்தில் கண்மதிப்பு உதவாது.