துணி பாக்கி 9

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு 192 பக்கம், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. எழுதுவது மனைவி. கூட்டிப் பார்ப்பது மட்டும் என் வேலை. 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, மூத்தவளுக்கு 12 வயது முடிந்தது. இரவு நோட்டைப் புரட்டினால் அந்தத் தேதியில் கேக் 840, மெழுகுவத்தி 30, கோயில் அர்ச்சனை 20, பாயசச் சாமான் 130, ஆக 1,020 ரூபாய் என்று இருந்தது. அதற்குக் கீழே ‘துணி’ என்று எழுதி, தொகை இருக்கவேண்டிய இடத்தில் ‘தீபாவளிக்கே எடுத்தாச்சு’ என்று ஒரு வரி.

அந்த வரியைத் தாண்டிக் கண் போகவில்லை. பரணில் இருந்த பழைய நோட்டுகளையும் இறக்கினேன்.

அவள் பிறந்தது 2013 தீபாவளியன்று. நவம்பர் 2, சனிக்கிழமை விடியற்காலை. மதுரையே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த நேரம். நட்சத்திரம் சித்திரை. அன்றைக்கே அவளுடைய கணக்கில் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலத் தேதிப்படி ஒரு பிறந்தநாள், நட்சத்திரப்படி இன்னொன்று. என் அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிறந்தநாள். “தேதி ஆஸ்பத்திரிக்காரன் போட்டதுடா” என்பாள்.

இந்த இரண்டாவது பிறந்தநாள் தீபாவளியை விட்டு நகரவே நகராது. ஐப்பசியில் சூரியன் துலாத்தில் இருக்கும். தீபாவளி தேய்பிறைச் சதுர்த்தசி. சந்திரன் சூரியனை நெருங்கிக்கொண்டிருக்கும். அதனால் அன்றைய நட்சத்திரம் பெரும்பாலும் அஸ்தம், சித்திரை, சுவாதி இந்த மூன்றுக்குள்தான் சுற்றும். கடைசி மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, சித்திரை அதற்கு முந்தின நாள். 2024-ல் அக்டோபர் 31, அன்றைக்கே சித்திரை. 2025-ல் அக்டோபர் 20, சித்திரை மறுநாள். முன்னாள், அந்நாள், பின்னாள் என்று வரிசை பிசகாமல் வந்திருக்கிறது.

தேதிப் பிறந்தநாளோ அலைந்துகொண்டே இருக்கும். 2023-ல் தீபாவளிக்கு 10 நாள் முன்னால். 2024-ல் 2 நாள் பின்னால். 2025-ல் 13 நாள் பின்னால். 19 ஆண்டுக்கு ஒருமுறை அமாவாசைகள் ஏறக்குறைய அதே தேதிகளுக்குத் திரும்பும் என்பதால், 2032-ல் தீபாவளி மறுபடி நவம்பர் 2-ஐ ஒட்டி வரும். அப்போது அவளுக்கு 19.

இனி தீபாவளிச் செலவு. 2025-ல் வீட்டில் ஐந்து பேருக்குத் துணி 9,600. பட்டாசு 3,540. பலகாரச் சாமான் 2,870. காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு வைக்க ஆட்டுக்கறி 2 கிலோ, கிலோ 900 வீதம் 1,800. தங்கச்சிக்குச் சீர் 3,000. அக்கம்பக்கம், பால்காரர், தண்ணீர் கேன் தம்பி எல்லாருக்கும் கொடுக்க இனிப்புப் பெட்டி 1,600. ஆக மொத்தம் 22,410. பிறந்தநாள் செலவு இதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 9,600-ல் மூத்தவளின் பாவாடை சட்டை 2,100. விலை 2,000, வரி 100. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் வாங்கியிருந்தால் 12 விழுக்காடு, 240 வரி கட்டியிருப்போம். ஆயிரத்துக்கு மேல் 2,500 வரைக்குமான துணிக்கு அன்று முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. கேக்குக்கும் 18-லிருந்து 5. அதற்கு முன் வரைக்கும் மைசூர்பாகுக்கு 5, கேக்குக்கு 18 என்று இருந்தது. பண்டிகை இனிப்புக்கும் பிறந்தநாள் இனிப்புக்கும் அரசாங்கமே பேதம் பார்த்திருக்கிறது, நாங்கள் பார்த்ததில் என்ன ஆச்சரியம்! 800 ரூபாய் கேக்குக்கு வரி 144 இருந்தது 40 ஆயிற்று. துணியில் 140, கேக்கில் 104, ஆக 244 மிச்சம். அதில் துணி மிச்சம் பட்டாசுக்குத்தான் போயிருக்கும். பட்டாசுக்கு வரி அதே 18-ல்தான் நிற்கிறது. நாங்கள் கட்டியது 540.

கேக்கைத் தவிர அன்று இலையில் வைத்த இனிப்பு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம் போட்டு அம்மா அதிரசம் சுட்டாள். பாகு முற்றிவிடுமோ என்று அடுப்படியில் யாரையும் பேசவிடவில்லை. 40 வந்தது. 22 ஊருக்குப் போனது. 11 வீட்டில் தின்றது. மீதி 7 டின்னில் கிடந்தது. நவம்பர் 2 அன்று பாயசத்துக்குப் பக்கத்தில் அந்த ஏழுதான் உட்கார்ந்தது. வீட்டில் ஐந்து பேர், அவளுடைய தோழிகள் இரண்டு பேர். ஆளுக்கொன்று, கணக்கு சரி. ஆனால் 13 நாளாக இனிப்பு தின்று சலித்த வீடு. கேக்கைக்கூட எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் கிடந்து, பிறகு வேலைக்கு வரும் அக்காவோடு போனது.

கூட்டம் ஏன் இல்லை என்றால், வந்த கூட்டம் போய்விட்டது. சென்னையிலிருந்து தம்பி குடும்பம் அக்டோபர் 17 இரவு ரயிலில் ஏறியது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டதால், ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்குத் தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து எடுத்த டிக்கெட். இத்தனை பாடுபட்டு வந்தவர்களை 13 நாள் கழித்து மறுபடியும் வாருங்கள் என்று எந்த வாயால் கூப்பிடுவது?

கூட்டம் இருந்த வருஷமும் உண்டு. 2024-ல் நட்சத்திரம் தீபாவளியன்றே விழுந்தது, வீட்டில் 14 பேர். சாயங்காலம் கேக் வெட்டலாம் என்றோம். பேக்கரியில் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். முந்தின நாளே போட்டு வைத்ததைத்தான் கொடுத்தார்கள். 6.50-க்கு மெழுகுவத்தி ஏற்றினோம். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஏழு அடித்ததும் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. பிறந்தநாள்காரியும் இல்லை. 8 மணிக்குத் திரும்பி வந்தபோது கிரீம் தட்டில் வழிந்திருந்தது. யாருக்கும் குறை இல்லை, அவளுக்கும்தான். அந்த ஒரு வருஷம் அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது சின்னவன். ஆனியில் பிறந்தவன், ஜூன் 24. முன்னால் ஒரு பண்டிகை கிடையாது, பின்னால் ஆடி வரைக்கும் ஒன்றும் கிடையாது. 2025-ல் அவனுக்கு 9 முடிந்தது. துணி 1,344, கேக் 944, பலூன் தோரணம் 180, வகுப்பில் 42 பேருக்கு ஐந்து ரூபாய் சாக்லேட் 210, பிரியாணி 1,650, அர்ச்சனை 20. ஆக 4,348. அக்காவின் பிறந்தநாளைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

மனைவியிடம் காட்டினேன். “தீபாவளித் துணி 2,100-ஐயும் அவ கணக்குல சேருங்க” என்றாள். சேர்த்தால் 3,120. ஆனால் அப்படிப் பார்த்தால் தீபாவளிக்குச் சின்னவனுக்கும் 1,750-ல் துணி எடுத்திருக்கிறோம். அதையும் அவன் பக்கம் சேர்க்கவேண்டும், 6,098 ஆகிறது. மனைவி நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடச் சாக்லேட்டையும் எண்ணிப் பார்த்தேன். 2017 முதல் ஒன்பது நவம்பர் 2-களில் மூத்தவள் சாக்லேட் கொடுத்தது 4 முறை. இரண்டு சனி, ஒரு ஞாயிறு, 2020-ல் கொரோனா, 2021-ல் பள்ளி திறந்த இரண்டாம் நாள், தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்றார்கள். இதில் பண்டிகையின் மேல் பழி போட முடியாது. சின்னவனுக்கும் 7-க்கு 4தான்.

பழி துணியில்தான் இருக்கிறது. சின்னவனுக்கு 9 பிறந்தநாள், 9 துணி. மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு தொடங்கியதே 2020 ஜூன் 24 அன்றுதான். முந்தின நாள் ஓடிப்போய் அவனுக்குச் சட்டை வாங்கி வந்திருக்கிறோம், நோட்டில் இருக்கிறது. மூத்தவளுக்கு 12 பிறந்தநாளில் தனித்துணி 3. முதல் வயதுக்கு ஒன்று, 2018-ல் அத்தை கொண்டுவந்தது ஒன்று, 2022-ல் அவளே அடம்பிடித்து வாங்கியது ஒன்று. 2023-ல் இன்னும் மோசம். தீபாவளித் துணி பீரோவில் தயாராக இருந்தும், “இப்ப உடுத்தினா பழசாயிரும்” என்று பழைய சுடிதாரோடு கோயிலுக்குப் போனாள்.

ஆக பாக்கி 9. சின்னவனுக்கு எடுத்த 1,344 வீதம் பார்த்தால் 12,096 ரூபாய். இந்த வருஷத் தீபாவளிச் செலவில் பாதிக்கும் மேல். பண்டிகை நாளில் பிறந்த பிள்ளை கொடுத்து வைத்தது, ஊரே அதற்காகக் கொண்டாடுகிறது என்று நானே பல பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஊர் கொண்டாடிய செலவில் வீடு மிச்சம் பிடித்திருக்கிறது.

அவளிடமே சொன்னேன், உனக்கு ஒன்பது துணி தரவேண்டியிருக்கிறது என்று. நோட்டை வாங்கி ஒவ்வொரு வருஷமாகப் பார்த்தாள்.

“அதெல்லாம் இப்பச் சின்னதாப் போயிருக்கும்ப்பா. அந்தக் காசுக்கு சைக்கிள் வாங்கிக் குடுங்க.”

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. நவம்பர் 2 திங்கள். சித்திரை 7-ஆ 8-ஆ என்று அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். துணி இரண்டு என்று புது நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். சைக்கிள் விசாரித்ததில் 7,400 சொல்கிறார்கள். மீதி 4,696 பாக்கியாகவே நிற்கிறது.