அப்பாவின் பழைய சைக்கிளுக்குப் பணம் போடலாமா?

கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கத்து வீடுகளின் திண்ணையில் இன்னும் பழைய இரும்பு சைக்கிள்கள் நிற்கின்றன. சென்னை அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ், ஆசன்சாலில் தயாரான ராலே போன்ற கனத்த வண்டிகள். சுரங்கத்துக்கு ஷிப்டு போன அப்பா ஓட்டியவை.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இன்று மகன் ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். ஸ்டேஷன் வரை அதே சைக்கிள்தான். வழியில் செயின் அறுந்தால் ரெயில் போய்விடும். ஒருநாள் கூலியும் போய்விடும். அந்த சைக்கிளைச் சீர்படுத்தலாமா, கியர் வைக்கலாமா, தள்ளிவிடலாமா?

முதலில் பிரேம்

உயிர் பிரேமில் இருக்கிறது. ஹேண்டில் குழாயும் மற்ற குழாய்களும் சேரும் இடத்தில் விரிசல் உண்டா? அதன் அடியில் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா? இருந்தால், எங்கோ மோதி வளைந்த வண்டி.

கோணல் தெரிய நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றி, பின்முனை ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுமுனையில் இழுத்துக் கட்டவேண்டும். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் பிரேம் நேர். முன் போர்க்கில் விரிசல் இருந்தால் ஓட்டவே கூடாது.

எதற்குச் செலவு?

பிரேம் நன்றாக இருந்தால் ஓவராயில் செய்யலாம். பால்ஸ், கிரீஸ் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவேண்டும். புது செயினில் 24 கண்ணி 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினையும் பிரீவீலையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. வெடித்த டயரையும், தேய்ந்த பிரேக் கட்டையையும் தள்ளிப்போடக் கூடாது. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழையில் முன்கூட்டியே பிடிக்கவேண்டும்.

கியர் ஆசை

பழைய வண்டியில் பின்சக்கர இடைவெளி சுமார் 110 மில்லிமீட்டர். இன்றைய கியர் சக்கரங்களுக்கு 130 அல்லது 135 வேண்டும். போர்க்கை விரித்து, சக்கரம், செயின், பிரேக் எல்லாம் மாற்றினால் புது சைக்கிள் விலையை எட்டிவிடும். மிஞ்சுவது பழைய கனம்.

மேடுதான் தொல்லை என்றால் சுலப வழி உண்டு. 18 பல் பிரீவீலை எடுத்துவிட்டு 20 அல்லது 22 பல் போடலாம். செயினில் கண்ணி கூட்டவேண்டி வரலாம். மிதிப்பது லேசாகும்; சமதரையில் வேகம் சற்றுக் குறையும்.

கணக்கு

கடைக்காரரிடம் மொத்தச் செலவை முதலிலேயே கேட்பது நல்லது. புது சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கவேண்டும். பிரேம் விரிசல் கண்டிருந்தால், அப்பாவின் வண்டி என்ற பாசத்துக்காக ஓட்டவேண்டாம், திண்ணையிலேயே நிற்கட்டும். நேராக இருந்தால், அப்பாவைச் சுமந்த வண்டி மகனையும் நேரத்துக்கு ஸ்டேஷனில் சேர்க்கும்.