பகைவர் தந்த பரிந்துரை

1919-இல் துருக்கியின் இஸ்மிர் நகருக்குப் படை அனுப்பியவர் கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ். 1922-இல் அப்படையை முறியடித்தவர் முஸ்தபா கமால். 1923-இல் லோசான் மாநாட்டில் முடிவான மக்கள் பரிமாற்றத்தால் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட கிறித்தவர்களும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற சொத்துக்களைப் பற்றிய வழக்கோ பகைமையை வளர்த்தது.

1930 ஜூனில் அவ்வழக்குத் தீர்ந்தது. சொத்துக்கள் அந்தந்த அரசையே சேர்ந்தன. அக்டோபரில், மீண்டும் பிரதமராகியிருந்த வெனிசெலோஸ் அங்காரா சென்று நட்புடன்படிக்கை செய்தார். 1934-இல் நோபல் சமாதானப் பரிசுக்குக் கமாலின் பெயரைப் பரிந்துரைத்தவரும் அவரே!

பகைவர் கைகோத்தது போற்றத்தக்கதே. ஆயினும், அச்சமாதானத்தின் விலையைச் செலுத்தியவர்கள் வீடும் நிலமும் திரும்பப் பெறாத அம்மக்கள் அல்லரோ? அவர்களை நாம் மறக்கலாகாது.