முன்பக்கத்து 'டொக், டொக்' சத்தம்

வவுனியாவில் களப்பணிக்குச் செல்லும் எனது பழைய காரின் முன்பக்கத்தில் 'டொக், டொக்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் சென்ற கராஜில் காரை ஓட்டிக்கூடப் பாராமல், "இரண்டு சொக் அப்சோபரையும் மாற்ற வேண்டும் மிஸ்" என்றார்கள். பெண்ணுக்கு என்ன விளங்கும் என்ற எண்ணம் அப்பேச்சில் தெரிந்தது.

பணம் கொடுக்குமுன் எங்கள் அலுவலகச் சாரதியிடம் கேட்டேன். "சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள் மிஸ்" என்றார். முழுதாகத் திருப்பும்போது 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் சி.வி. ஜொயின்ட். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் பகுதியில் அல்லது புஷ்ஷில் தளர்வு. சிறு குழிகளில் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது போல் ஜொயின்ட். எனக்குக் கேட்டது குழிகளில், இடது பக்கத்தில்.

அதைச் சொல்லி இன்னொரு கராஜில் காட்டினேன். அங்கிருந்த ஐயா ஜக் வைத்து உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். போல் ஜொயின்ட் தேய்ந்து ஆடியது. "இது கழன்றிருந்தால் ஓடும்போதே சில்லு மடிந்திருக்கும் பிள்ளை" என்றார். அன்று காலையில்தான் அதே காரில் ஒரு கர்ப்பிணித் தாயைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றிருந்தேன்.

சகோதரிகளே, நாம் பழுதுபார்க்கக் கற்க வேண்டியதில்லை. எப்போது, எந்தப் பக்கம், எந்த வேகத்தில் என்று சொல்லத் தெரிந்தால் போதும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பாருங்கள். சத்தத்தை மட்டும் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.