சுப்புரத்தினம் வாத்தியார்

(புதுவை வளர்த்தவர்கள் – 11)

1909-ல் பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்தபோது கனகசுப்புரத்தினத்துக்கு வயது 18. முதலில் போட்ட ஊர் காரைக்காலை அடுத்த நிரவி. அந்தக் காலத்துப் புதுச்சேரியில் வியாபாரி கனகசபை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் அமைந்துவிடாது. மாதச் சம்பளம், தெருவில் மரியாதை, கடைசியில் பென்ஷன். அந்த உத்தியோகத்தில் 37 வருஷம் இருந்தார். 1946-ல்தான் ஓய்வு. அதற்குள் அவர் பாரதிதாசன் ஆகி, தமிழ்நாட்டு மேடைகளில் எல்லாம் அவர் பாட்டு முழங்கத் தொடங்கிவிட்டது. இருந்தாலும் காலையில் மணி அடித்தால் வகுப்பில் நின்றாக வேண்டும்.

கவிஞரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் நமக்கு வாத்தியார் போதும். வாத்தியாரும் பத்திரிகைக்காரருமாக ஊருக்குள் நடமாடிய அந்த மனிதர். என்னைக் கேட்டால், இந்த இரண்டு வேலையும் சேர்ந்துதான் அந்தக் கவிதையைச் செய்தன.

போன வாரம் பாரதியை ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கதையை அங்கிருந்தே எடுக்கலாம். கொட்டடி வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணம். சாப்பாடு முடிந்து சபை கூடியிருக்கிறது. சுப்புரத்தினத்தைப் பாடச் சொல்கிறார்கள். பெரியசாமிப் பிள்ளையிடமும் பங்காரு பத்தரிடமும் முறையாகத் தமிழ் படித்த பையன், குரலும் உண்டு. எடுத்ததோ பாரதியின் பாட்டு. எழுதியவரே எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது பாடுகிறவருக்குத் தெரியாது. பின்னாளில் அவரே சொன்ன சம்பவம் இது. பாரதி கூப்பிட்டுப் பேசினார், வீட்டுக்கு வரச் சொன்னார். சில நாளில் சுப்புரத்தினம் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

அங்கே வந்துபோகிற நண்பர்களுக்கு ஒரு சந்தேகம்: இந்த வாத்தியார்ப் பையனுக்குக் கவி கட்ட வருமா? பாரதி அங்கேயே ஒன்று எழுதச் சொன்னார். சக்தியைப் பற்றி ஒரு பாட்டு பிறந்தது. ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று மேலே ஒரு குறிப்பு எழுதி, பாரதி அதைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பாரதி ஏன் புதுவைக்கு வந்தார் என்பதைப் போன அத்தியாயங்களில் பார்த்தாயிற்று. பிரான்ஸின் 1881-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் அதன் காலனிகளுக்கும் செல்லும். பத்திரிகை தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அறிவித்துவிட்டால் போதும். சென்னையில் அச்சேற்ற முடியாததை இங்கே ஏற்றலாம். ஆனால் அதே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிற வாத்தியாருக்கு அந்தச் சுதந்திரம் அரைகுறைதான். 1919-ல் திருபுவனைப் பள்ளியில் இருந்தபோது, பிரெஞ்சு அரசுக்கு எதிராக நடந்துகொண்டார் என்று பிடித்துப் போனார்கள். ஒன்றேகால் வருஷம் உள்ளே வைத்துவிட்டு, குற்றம் இல்லை என்று வெளியே விட்டார்கள். வேலையும் போயிருந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. வழக்காடி ஜெயித்து அதே வேலையில் போய் உட்கார்ந்தார். இன்றைக்கும் அரசு ஊழியர் யாராவது இந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

பத்திரிகையில் அவர் பல பெயர்களில் எழுதினார். கிண்டல்காரன் என்று ஒரு பெயர். கிறுக்கன் என்று இன்னொன்று. இதை வெறும் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பகலில் திருக்குறள் சொல்லிக்கொடுக்கிற கை, இரவில் ஊர்ப் பெரிய மனுஷர்களைக் குத்திக் கட்டுரை எழுதுகிறது. பெயர் வேறாக இருப்பது வயிற்றுக்கு நல்லது. அது மட்டுமில்லை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. பண்டிதத் தமிழில் பழகிய ஆள் தெருப்பேச்சுக்கு இறங்கி வரப் பழகியது இந்த வேலையில்தான் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் அவர் முருக பக்தர். மயிலம் சுப்பிரமணியர்மேல் அவர் பாடிய துதியமுது 1926-ல் வந்தது. கதருக்குப் பாட்டு, தொண்டர் படைக்குப் பாட்டு, சிறுவர் சிறுமியருக்குத் தேசிய கீதம் எல்லாம் 1930 வாக்கில். அதே சமயத்தில் பெரியாரின் குடிஅரசு அவரை இழுத்துவிட்டது. 1930-ல் கிளம்பிய புதுவை முரசு வார ஏட்டில் அவர் கதை, கட்டுரை, பாட்டு என்று எதையும் விடவில்லை. மூன்று வருஷம் கழித்து, சிங்காரவேலர் தலைமையில் சென்னையில் நடந்த நாத்திகர் மாநாட்டில் தன்னை நாத்திகர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படிப்பட்டவர் 1935-ல் முன்னின்று தொடங்கிய பத்திரிகையின் பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்’. கவிதைக்கென்றே தமிழில் வந்த முதல் பத்திரிகை. சுயமரியாதைக்காரர் ஏடு ஒன்றின் தலையில் ‘ஸ்ரீ’ எப்படி வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. சுதேசமித்திரனுக்குப் போன அந்தப் பழைய குறிப்பைப் பார்த்தால் விஷயம் விளங்கும். தன் முதல் பாட்டின் தலையில் குரு எழுதியதை அப்படியே எடுத்துப் பத்திரிகைக்குச் சூட்டிவிட்டார். கொள்கை ஒரு பக்கம், வாத்தியார்மேல் வாத்தியாருக்கு உள்ள விசுவாசம் ஒரு பக்கம்.

வகுப்பறை எங்கே தெரிகிறது என்று கேட்டால், குடும்ப விளக்கைத்தான் காட்டுவேன். 1942-ல் வந்த முதல் பகுதிக்கு ‘ஒரு நாள் நிகழ்ச்சி’ என்று தலைப்பு. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு கால அட்டவணை. தங்கம் விடியலுக்கு முன் எழுகிறாள். வாசல் தெளித்துக் கோலம். யாழ் எடுத்துப் பாட்டு. மாடு கறக்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிறாள், அதற்கு முன் பாடமும் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டுத் தச்சுவேலை, கொத்துவேலையும் அவள் கையில்தான். மளிகைக் கடைக்குப் போய்க் கணவனுக்குப் பதிலாக வியாபாரமும் பார்க்கிறாள். இரவு படுக்கப் போகும்போது அவளுக்கு ஒரு கவலை: இன்றைக்குப் பூராவும் நம் வீட்டு வேலையே பார்த்தோமே, தமிழுக்கு என்ன செய்தோம்? இந்தக் கேள்வியை ஒரு கவிஞர் மட்டும் எழுதியிருக்க முடியாது. நாள் முடிந்ததும் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கிறவர் எழுதியது. நல்ல குடும்பத்தைக் காட்டியவர், இரண்டு வருஷத்தில் ‘இருண்ட வீடு’ எழுதிக் கெட்ட குடும்பத்தையும் காட்டினார். சரியான விடைக்குப் பக்கத்திலேயே தப்பான விடையையும் போர்டில் எழுதிக் காட்டுகிற பழக்கம்.

(அத்தனை வேலையும் தங்கம் ஒருத்தி தலையில் விழுவதைப் பார்த்து இந்தக் காலத்துப் பெண்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், நியாயம்தான். கடைக்கணக்கும் கரண்டியும் சுத்தியலும் ஒரே பெண் கையில் இருக்கிற காட்சி 1942-ல் புதுசு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சரி.)

1945-ல் பெருமாள் கோயில் தெருவில் 95-ஆம் எண் வீட்டை வாங்கினார். 36 வருஷ வாத்தியார் வேலைக்குப் பிறகு சொந்த வீடு. அடுத்த வருஷம் சென்னையில் அண்ணா முயற்சியில் நிதி திரட்டி 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். ஓய்வும் வந்துவிட்டது. மனிதர் இனிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

உட்காரவில்லை. பத்திரிகைப் பைத்தியம் விடுமா? 1948-ல் குயில் மாத ஏடு. சென்னை மாகாண அரசு அதற்குத் தடை போட்டது. அதே வருஷம் அவருடைய ‘இரணியன்’ நாடகத்துக்கும் தடை. புதுவை அப்போதும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது, ஆகவே இங்கே எழுதத் தடை இல்லை. ஆனால் வாசகர் கூட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? பத்து வருஷம் பொறுத்து, 1958-ல் குயிலை வார ஏடாகத் திரும்பப் பறக்கவிட்டார். குறளுக்கு உரை அதில் தொடராக வந்தது. சண்டையும் வந்தது. பொற்கிழி கொடுத்த அண்ணாவையே அதில் அவர் விட்டுவைக்கவில்லை. கோபம் அவருக்கு எளிதில் வரும், எழுதினால் அச்சாகவும் செய்யும். சொந்தப் பத்திரிகை இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்: நிறுத்திப் பார்க்க ஆள் கிடையாது. குயிலில் சில பக்கங்களைப் படிக்கும்போது, ஒரு நாள் ஆறப்போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

இடையில் 1955 தேர்தலில் காசுக்கடைத் தொகுதியில் ஜெயித்துச் சட்டசபைக்கும் போனார். அரசியல் அவருக்குச் சரிப்படவில்லை, அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. சினிமாதான் கடைசியில் அடித்தது. ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் ‘பொன்முடி’யாக எடுத்தபோது கிடைத்த அனுபவம் போதாதென்று, ‘பாண்டியன் பரிசை’ தானே படமாக எடுக்கப் போகிறேன் என்று எழுபது வயதில் சென்னைக்குக் குடிபோனார். படம் வரவே இல்லை. 1964 ஏப்ரல் 21-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். 73 முடிய எட்டு நாள் பாக்கி. உடலைப் புதுவைக்குக் கொண்டுவந்து, மறுநாள் பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில் இறுதிக் கடன் செய்தார்கள். ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது 1969-ல். வாங்க அவர் இல்லை.

பெருமாள் கோயில் தெரு வீடு இப்போது அரசு நினைவில்லம். அரசு விழாக்களில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும் புதுவையில் அவருடையதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வேறு பாட்டை எதிர்பார்த்து எழுந்து நின்று கொஞ்சம் விழிப்பார்கள்.

பாரதிக்கு ஒரு தாசன் கிடைத்தது மாதிரி இவருக்கும் கிடைத்தார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து ராஜகோபாலன் என்ற இளைஞர் தேடி வந்து கூடவே இருந்து, அவர் பாட்டுகளைப் படி எடுத்துக் கொடுத்து, சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதைச் சுருக்கினால் சுரதா. தொடக்கப் பள்ளியில் இவரிடமே பாடம் கேட்ட ஒரு பையனும் உண்டு. சேலியமேட்டு அரங்கசாமி. பிற்பாடு வானிதாசன் என்று எழுதி, பிரெஞ்சு அரசின் செவாலியே விருது வரைக்கும் போனவர். அவரும் உத்தியோகத்தில் வாத்தியார்தான். அடுத்த வாரம் அவர் வகுப்புக்குப் போகலாம்.

(தொடரும்)