புலமைப்பரிசிலோடு முடிவதில்லை
அதிதிறமையுள்ள பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?

எப்போதாவது ஒரு தோட்டப் பாடசாலையில், மற்றப் பிள்ளைகளை விடப் பல வருடங்கள் முன்னே நிற்கும் ஒரு பிள்ளை வருவதுண்டு. மூன்றாம் தரத்தில் இருக்கும்போதே அண்ணனின் ஏழாம் தரக் கணக்கைச் செய்யும். அம்மாவின் சம்பளத் துண்டை மனதிலேயே கூட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும். ஹேவாஹெட்டப் பகுதிப் பெற்றோர் இத்தகைய பிள்ளைக்கு என்ன செய்வது?

"தரம் 5 புலமைப்பரிசில் எடுத்தால் கண்டியில் பெரிய பாடசாலைக்கு அனுப்பலாம்" என்பதே வழமையான பதில். அது நல்ல பதில்தான். ஆனால் முழுப் பதிலல்ல.

இராமானுஜனுக்கு நடந்தது

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். வசதியற்ற குடும்பம். 1897இல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அவர் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் தமக்குத் தெரிந்த கணிதத்தை எல்லாம் சொல்லிக்கொடுத்தனர்; லோனி எழுதிய திரிகோண கணித நூலையும் தந்தனர். 1903இல் கார் என்பவரின் தொகுப்பு நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட அந்நூலில் நிறுவல்கள் மிகக் குறைவு. அவற்றைத் தாமே கண்டுபிடிக்க முனைந்தார்.

அதன் பின் கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சையில் சித்தியடையவில்லை. பல ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. ராமசுவாமி ஐயர், ராமச்சந்திர ராவ் போன்ற கணிதம் அறிந்தவர்கள் அவருடைய கொப்பிகளைப் பார்த்த பின்பே வழி திறந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா உதவித்தொகை வழங்கியது. 1918இல் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக ஏற்றது. 1920இல், 32 வயதில், அவர் காலமானார்.

பத்து வயது நிறையுமுன் பரீட்சையில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கும் துணை தேவை என்பதே இதிலிருந்து நாம் அறிவது. அத்துணை இரு வகைப்படும்: திறமைக்குத் தீனி போட ஒருவர், பலவீனமான பாடங்கள் பாதையை அடைத்துவிடாமல் பார்க்க ஒருவர். க.பொ.த. சாதாரண தரமும் பல பாடங்களைக் கேட்கும் பரீட்சையே.

பாடசாலையைத் தெரியும்போது

பாடசாலையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பின்வருவனவற்றை விசாரிப்போம்:

1. உயர்தரம் வரை கணிதமும் விஞ்ஞானமும் தமிழ்மொழியில் கற்பிக்க ஆசிரியர் உண்டா?
2. பிள்ளையின் கேள்விக்கு முகம் சுளிக்காத ஆசிரியர் ஒருவராவது உண்டா?
3. நூலகத்தைப் பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா?
4. விடுதியில் தங்குவதாயின், மாதம் ஒருமுறையாவது யார் போய்ப் பார்ப்பார்? பஸ் செலவு யாருடையது?

இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், சில ஆண்டுகள் வீட்டிலிருந்தே படிப்பது தவறல்ல. அறிவில் பதினைந்து வயதானாலும், அழும்போது அது பத்து வயதுப் பிள்ளைதான்.

வீட்டிலிருக்கும் பிள்ளைக்குத் தீனி இல்லாமலும் இல்லை. மேல் வகுப்புப் புத்தகங்களை இரவல் வாங்கலாம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் கொழுந்து தேவைப்படுவது ஏன் என்று தொழிற்சாலையில் கேட்டறியலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் நம் அயலிலேயே உள்ளது. அது ஒரு வரலாற்றுப் பாடம். விடுமுறையில் பேராதனைப் பூங்காவுக்கும், கண்டியிலுள்ள டி.எஸ். சேனநாயக்க பொது நூலகத்துக்கும் அழைத்துச் செல்லலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். திறமையுள்ள பிள்ளை பெண்ணாக இருந்தால், தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்பு அவள் தலையில்தான் விழுகிறது. மாலையில் இரண்டு மணி நேரத்தை அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுப்பது எந்தப் பெரிய பாடசாலைக்கும் முன்னே வரவேண்டிய உதவியாகும். அதை இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.