ஒரே ஓட்டு, பல சட்டங்கள்: சியாட்டில் கவுன்சிலரின் பத்து ஆண்டுகள்

வார்டு கவுன்சிலரைத் தேடி நாம் எதற்காகப் போகிறோம்? தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை பொங்குகிறது என்று போகிறோம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லியோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கச் சொல்லியோ யாரும் போவதில்லை. அதெல்லாம் கோட்டையில் முடிவாகிற சங்கதி. மாநகராட்சி மன்றம் தீர்மானம் போடும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பல நகரங்களில் நகர மன்றமே சட்டம் இயற்றுகிறது. அந்த அதிகாரத்தை ஓர் உறுப்பினர் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதைக் காட்டியவர் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், சோசலிஸ்ட். வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர மன்றத்தில் 2014 தொடக்கம் முதல் 2023 முடிய இருந்தார்.

அந்த மன்றத்தில் மொத்தம் 9 பேர். ஒருவர் கொண்டுவரும் மசோதா வழக்கமாக முதலில் ஒரு குழுவுக்குப் போகும், பிறகு முழு மன்றத்தின் வாக்கெடுப்புக்கு வரும். பொதுமக்களும் வந்து பேசலாம். நிறைவேறியதும் மேயரிடம் போகும். அவர் கையெழுத்துப் போடலாம், நிராகரிக்கலாம், கையெழுத்தே போடாமல் திருப்பி அனுப்பலாம். கையெழுத்தில்லாமல் திரும்பினாலும் அது சட்டம்தான். மேயர் நிராகரித்தால், 6 பேர் சேர்ந்து மறுபடி நிறைவேற்றலாம். உறுப்பினரின் கையில் இருப்பது ஒரு ஓட்டு. மற்ற ஓட்டுகளைச் சேர்ப்பதில்தான் முழு உழைப்பும்.

சாவந்த் அவற்றை மன்றத்துக்கு வெளியே இருந்து திரட்டினார். 2014இல் அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.32 டாலர். அதை 15 ஆக்கச் சொல்லித் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் முந்தைய ஆண்டே தெருவில் இறங்கியிருந்தார்கள். மேயர் எட் மரே முதலாளிகளையும் தொழிற்சங்கத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். சாவந்தும் அதில் இருந்தார். அதே சமயம் வெளியே அவருடைய இயக்கம், பேச்சு இழுத்தடித்தால் நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே போய்விடுவோம் என்று கையெழுத்துத் திரட்டிக்கொண்டிருந்தது. 2014 ஜூன் 2 அன்று 15 டாலர் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள், சிறிய கடைகளுக்கு 2021 வரை என்று தவணை கொடுக்கப்பட்டது. சாவந்த் இந்தத் தவணையைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்தும் கடைசியில் சட்டத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டார். அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். அந்தச் சட்டத்தின்படி விலைவாசியோடு சேர்ந்து ஏறிய கூலி 2025இல் 20.76 டாலர்.

அடுத்து வாடகைக்காரர்கள். 2020 பிப்ரவரியில், குளிர்காலத்தில் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் வந்தது. சாவந்த் ஐந்து மாதம் கேட்டார். மன்றம் மூன்று மாதமாகக் குறைத்தது, நான்கு வீடுகளுக்கு மேல் இல்லாத சிறிய உரிமையாளர்களுக்கு விலக்கும் கொடுத்தது. வாடகைப் பாக்கி இதனால் தள்ளுபடி ஆவதில்லை. வெளியேற்றும் வழக்கு வரும்போது, 'இது குளிர்காலம்' என்று நீதிமன்றத்தில் சொல்லித் தற்காத்துக்கொள்ளலாம், அவ்வளவே. அதற்கும் வக்கீல் வேண்டுமே! வசதியில்லாத வாடகைக்காரருக்கு இலவச வக்கீல் என்ற சட்டம் 2021இல் வந்தது.

வாடகைக்கே உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை. அதற்குக் குறுக்கே நின்றது 1981இன் மாநிலச் சட்டம்: எந்த நகரமும் வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது. மாநிலம் அந்தத் தடையை நீக்கும் நாளில் தானாகவே நடைமுறைக்கு வரும்படி ஒரு மசோதா எழுதினார். 2023இல் மன்றம் அதைத் தோற்கடித்தது. பெரிய நிறுவனங்களின் மீதான வரி இன்னொரு கதை. வீடற்றவர்களுக்காக ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் என்று 2018 மே மாதம் 9 பேரும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் எதிர்த்ததும், ஒரு மாதத்துக்குள் 7 பேர் சேர்ந்து ரத்து செய்தார்கள். கடைசிவரை ரத்தை எதிர்த்த இருவரில் சாவந்த் ஒருவர்.

தமிழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய சட்டம் 2023 பிப்ரவரி 21 அன்று வந்தது. வேலையிலும் வீட்டு வாடகையிலும் பொது இடங்களிலும் இனம், மதம், பாலினம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சியாட்டிலில் ஏற்கெனவே சட்டம் உண்டு. அந்தப் பட்டியலில் சாதியைச் சேர்த்தார்கள். மேலாளரும் ஊழியரும் இருவருமே இந்தியர்கள் என்றால், இனத்தையும் பிறந்த நாட்டையும் வைத்து அங்குள்ள அதிகாரிக்கு எதுவும் புலப்படாது. தோளைத் தட்டிக்கொடுப்பதுபோல் சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதை அங்குள்ள தலித்துகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தடவல் என்னவென்று நமக்குத் தெரியும். சியாட்டில் அதிகாரிக்குத் தெரிய, சட்டத்தில் சாதி என்று எழுதியிருக்க வேண்டும்.

அன்று பேசுவதற்கு நூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தலித் பெற்றோரின் மகளான தேன்மொழி சௌந்தரராஜனின் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பு இதற்காக முன்னின்று உழைத்தது. இந்துக்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்று சில இந்து அமைப்புகள் எதிர்த்தன. 6 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில்தான். அதே ஆண்டு ஃப்ரெஸ்னோ நகரம் பின்தொடர்ந்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் மாநிலம் முழுமைக்கும் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார்.

சியாட்டிலில் புகாரை விசாரிக்க வேண்டியது நகரின் சிவில் உரிமை அலுவலகம். புகார் கொடுப்பவர் தன் சாதியை ஓர் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். விசாவே முதலாளியின் கையில் இருக்கும்போது அது லேசான காரியமல்ல. அந்த அலுவலகத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது இனி வரும் மன்றத்தாரின் பொறுப்பு. சாவந்த் 2023 தேர்தலில் போட்டியிடவில்லை.